கொல்லிமலையிலிருந்து படகுத்துறை வரை

கொல்லிமலையில் படகு இருக்கிறது என்றால் சமவெளிக்காரர்கள் நம்பத் தயங்குவார்கள். காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்து, சோளக்காட்டுச் சந்தையில் பலாவும் மிளகும் விலை கேட்டுவிட்டு, செம்மேட்டுப் பக்கம் போனால் வாசலூர்பட்டியில் ஒரு சிறிய நீர்நிலை, அதில் படகுகள். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலே, மரங்கள் சூழ்ந்த தண்ணீரில் பிள்ளைகள் மிதித்துக்கொண்டே வட்டமடிக்கிறார்கள்.

படகு இல்லம் என்றால் எங்கும் உள்ள நடைமுறைதான். சீட்டு வாங்க வேண்டும், உயிர்காப்பு அங்கி போட்டுக்கொள்ள வேண்டும், குறித்த நேரத்தில் கரை திரும்ப வேண்டும், திரும்பிய படகை அதன் இடத்தில் கட்ட வேண்டும். யார் படகு, எப்போது புறப்படும், எப்போது திரும்பும், எங்கே கட்டும்? இந்த நாலு கேள்விக்கு விடை இருந்தால் குளம் அமைதியாக இருக்கும். இதே நாலு கேள்விக்கு விடை காணத்தான் தமிழ்நாட்டின் கடற்கரையில் சட்டம் போட்டார்கள், டோக்கன் கொடுத்தார்கள், ஊர்ப் பஞ்சாயத்தைக் கூட்டினார்கள், உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். கொல்லிமலையின் தண்ணீர் போகும் வழியிலேயே போனால் அந்தக் கதையைக் கரையோரமாகப் பார்த்துக்கொண்டு போகலாம்.

வழி ஆகாயகங்கையில் தொடங்குகிறது. அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் அருவி. அதில் விழுவது ஐயாறு. மலையடிவாரத்தில் புளியஞ்சோலையைக் கடந்து திருச்சி மாவட்டத்தில் ஓடிக் காவிரியில் கலக்கிறது. ஆடிப் பதினெட்டுக்கு மலைமேல் வல்வில் ஓரிக்கு விழா எடுக்கும் அதே நேரத்தில், கீழே காவிரிக் கரை நெடுக ஆடிப்பெருக்குக் கூட்டம் நிற்கும்.

ஐயாறு காவிரியில் சேர்வது மேட்டூர் அணைக்குக் கீழே. அதனால் மேட்டூரின் கதவுகளுக்கும் கொல்லிமலை மழைக்கும் தொடர்பு கிடையாது. ஆனால் முக்கொம்பின் கதவுகளுக்கு உண்டு. ஆர்தர் காட்டன் காலத்தில், 1830களில் கட்டிய மேலணை நிற்கும் இடம் அது. அங்கே ஆறு இரண்டாகப் பிரிகிறது. பாசன நீர் காவிரிப் பக்கம் போகிறது. பெருவெள்ளம் கொள்ளிடத்தில் திருப்பிவிடப்படுகிறது. ஆகவே மலையில் பெய்த மழைக்குக் கடலில் இரண்டு வாசல். காவிரி வழியாகப் போனால் பூம்புகார். கொள்ளிடம் வழியாகப் போனால் பழையாறு. இரண்டிலும் இன்று மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. இரண்டுமே மயிலாடுதுறை மாவட்டத்தில்.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகாருக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர். காவிரி கூடவே வருகிறது. வரவர மெலிந்து வருகிறது. திருச்சியில் அகண்டு கிடந்த ஆறு, வாய்க்கால்களுக்கெல்லாம் பங்கு கொடுத்துவிட்டு, பூம்புகாருக்கு முன்னால் மேலையூரில் கடைமடைக் கதவணையைத் தொடும்போது சின்ன ஓடையாகிவிடுகிறது. கடலைக் கண்டதும் காவிரி ஏன் இப்படி ஒடுங்கிப்போனது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். துறைமுகக்காரர்களுக்கு அதே கேள்வி வேறு கணக்கு: ஆற்றில் நீரோட்டம் குறைந்தால் முகத்துவாரத்தில் மணல் கூடும்.

தறி நட்ட ஊர்

பூம்புகாரில் பெரும்பாலோர் பார்ப்பது சிலப்பதிகாரக் கலைக்கூடம். பக்கத்துக் கீழையூருக்குப் போகிறவர்கள் குறைவு. 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது பழைய நீர்வழி ஒன்றின் ஓரத்தில் பெரிய செங்கற்களால் ஆன மேடையும், அதையொட்டி நட்ட மரத்தூண்களும் வெளிப்பட்டன. படகுகள் அணையும் மேடை இது, தூண்கள் படகு கட்டும் தறிகள் என்பது ஆய்வாளர்களின் கருத்து. தூண் மரத்தின் கரிமக் கணிப்பு அதைக் கி.மு. 4, 3ஆம் நூற்றாண்டு அளவில் வைக்கிறது. தமிழகத்தில் மண்ணுக்கு அடியிலிருந்து கிடைத்த படகுத்துறைகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று.

இந்த ஊரைப் பாடிய பட்டினப்பாலையிலும் படகு கட்டும் காட்சி வருகிறது. உப்பை விற்று நெல் வாங்கிக்கொண்டு வந்த படகுகள், லாயத்தில் குதிரைகளைப் பிணித்ததுபோலத் தறிகளில் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்கும் ஏறும் சரக்குக்கும் சுங்கம் வாங்கி, புலிச் சின்னம் பொறித்து அனுப்பியதையும் அதே பாட்டு சொல்கிறது. கட்டுத்தறி, வரிசை, காவல், கட்டணம், முத்திரை. இன்றைய துறைமுக அலுவலகம் பார்க்கும் வேலைகளில் பெரும்பகுதி இந்தப் பட்டியலில் அடங்கிவிடும்.

இன்றைய பூம்புகார் துறைமுகம் அண்மைக் காலத்தது. கடலுக்குள் நீளும் கல்லணைகள், படகு அணையும் தளம், ஏலக்கூடம், வலை பின்னும் கூடம் என்று அரசு மீன்பிடித் துறைமுகங்களுக்கு உரிய உறுப்புகள். இதற்கு முன் ஃபைபர் படகுகளைக் கரைமணலில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இழுத்துப் போடும் படகுக்கு ஆள்பலமும் மணலும் போதும், துறைமுகம் வேண்டியதில்லை. எடை கூடிய விசைப்படகை அப்படி இழுக்க முடியாது. அது தண்ணீரிலேயே நிற்க வேண்டும், நிற்பதற்கு ஆழம் வேண்டும், ஆழம் தூர்ந்துபோகாமல் இருக்கக் கல் கொட்ட வேண்டும். படகு பெருக்கப் பெருக்கக் கரை மாறிய கதை இது. 1952இல் கையெழுத்தான இந்திய–நார்வே ஒப்பந்தம் கேரளத்து நீண்டகரைப் பக்கம் இயந்திரப் படகைக் கொண்டுவந்தபோது அவை முப்பது அடிக்கும் குறைந்த சின்னப் படகுகள். இன்று தமிழ்நாட்டு விதி விசைப்படகின் நீளத்துக்கு 24 மீட்டர் என்று வரம்பு கட்ட வேண்டியிருக்கிறது.

மடியும் மணிக்கணக்கும்

பூம்புகார் துறைமுகத்தைப் பற்றி எழுதும்போது சுருக்குமடி வலையைத் தொடாமல் போக முடியாது. மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கி அள்ளும் இந்த வலைக்குத் தமிழ்நாடு அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை போட்டது. பூம்புகார், திருமுல்லைவாசல், மடவாமேடு பக்கத்தினர் அனுமதி கேட்டார்கள். தரங்கம்பாடியைத் தலைமைக் கிராமமாகக் கொண்டவர்கள் கூடாது என்றார்கள். கடலில் பிடிப்பது பற்றிய சண்டைதான். ஆனால் தீர்ப்பு வந்து நின்ற இடம் துறைமுக வாசல்.

2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால ஆணை தந்தது. கரையிலிருந்து 12 கடல்மைலுக்கு அப்பால் மட்டும். வாரத்தில் திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும். காலை 8 மணிக்கு முன்னால் கிளம்பக் கூடாது. மாலை 6 மணிக்குள் குறித்த இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். பதிவு பெற்ற படகாக இருக்க வேண்டும், கண்காணிப்புக் கருவி பொருத்தியிருக்க வேண்டும். நடுக்கடலில் ஒவ்வொரு வலையையும் எண்ணிக்கொண்டிருக்க எந்த அரசாலும் முடியாது. படகு எப்போது அவிழ்ந்தது, எப்போது வந்து கட்டியது என்பதைப் பார்க்க முடியும். அதனால்தான் ஆணை கடிகாரத்தையும் கட்டுமிடத்தையும் பிடித்துக்கொண்டது.

கணக்குப் போட்டால் தொழில்காரர்கள் ஏன் முனகினார்கள் என்பது விளங்கும். 12 கடல்மைல் என்றால் சுமார் 22 கிலோமீட்டர். மணிக்கு 8 கடல்மைல் வேகத்தில் போனால் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. பத்து மணி நேரத்தில் மூன்று மணி ஓட்டத்துக்கே போய்விடும். மிச்சமுள்ள ஏழு மணிக்குள் மீன் கூட்டத்தைத் தேடி, வளைத்து, சுருக்கி, அள்ளி ஆக வேண்டும். கூட்டம் தட்டுப்படாத நாளில் டீசல் செலவு மட்டும் கணக்கில் ஏறும்.

வடக்கே பழையாற்றில் பார்க்கிற காட்சி வேறு. கொள்ளிடம் கடலில் விழும் இடத்துக்கு அருகே உப்பனாற்றுக் கழியை ஒட்டிய துறைமுகம். மழைக்காலத்தில் முக்கொம்பில் திருப்பிவிட்ட வெள்ளமெல்லாம் இந்தப் பக்கம்தான் வந்து சேரும். வெள்ளம் வந்தால் மணலைத் தள்ளிக்கொண்டு போகும். வெள்ளம் வற்றினால் அலை அந்த மணலை மறுபடி முகத்துவாரத்தில் சேர்க்கும். எந்தப் பக்கம் ஆழம், எந்தப் பக்கம் திட்டு என்பது பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. இங்கே தளத்தில் இடம் கிடைப்பதைவிட வாசலில் ஆழம் கிடைப்பது பெரிய பாடு.

நாகையின் நெருக்கடி

தெற்கே தரங்கம்பாடி, காரைக்கால் தாண்டி நாகப்பட்டினம். கடுவையாறு கடலில் சேரும் இடத்தில் அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும். கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் தெரியாத அளவுக்குப் படகுகள். பச்சை அடித்த உடல், கொடிக்கம்பு, பக்கவாட்டில் தொங்கும் பழைய டயர்கள்.

இந்த நெருக்கத்துக்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு படகு 18 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டர் தளத்தில் பக்கவாட்டாக அணைத்தால் ஐந்து படகுதான் நிற்கும். அணியத்தைத் தளத்துக்குக் கொடுத்து நேர்க்குத்தாக நிறுத்தினால் இருபது. அதற்கும் மேலே வந்தால், முன்னால் நிற்கும் படகிலேயே அடுத்த படகைக் கட்டி இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை. வெளிவரிசைப் படகின் ஆட்கள் கரைக்கு வர அடுத்தவர் தளங்களில் ஏறி இறங்கி வர வேண்டும். ஐஸ் பெட்டியும் டீசல் கேனும் அதே வழியில் போக வேண்டும். உள்வரிசைப் படகுக்குத் தொழிலுக்குப் போக வேண்டுமானால் வெளியே நிற்பவர்கள் கயிற்றை அவிழ்த்து வழிவிட வேண்டும். மீன் இறக்க வந்த படகுக்கு ஏலக்கூடத்தின் முன்தளம் கொஞ்ச நேரத்துக்குத்தான். பெட்டிகளை இறக்கியதும் நகர்ந்துவிட வேண்டும். நகராதவரைப் பற்றிய புகார் முதலில் போவது அதிகாரியிடமல்ல, ஊர்ப் பஞ்சாயத்தாரிடம்.

ஏட்டில் உள்ள விதி 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும் அதையொட்டிய விதிகளும். கரையிலிருந்து மூன்று கடல்மைல் நாட்டுப்படகுகளுக்கு. விசைப்படகு அதைத் தாண்டித்தான் வலை போட வேண்டும். ஒவ்வொரு விசைப்படகுக்கும் குறித்த தங்குதளம் உண்டு. காலை 5 மணிக்கு முன்னால் அங்கிருந்து புறப்படக் கூடாது, இரவு 9 மணிக்குள் அங்கேயே திரும்ப வேண்டும் என்பது விதியின் பழைய வடிவம். எந்த ஊர்ப் படகு என்பது பதிவெண்ணிலேயே இருக்கிறது. ஐஎன்டி–டிஎன் என்று தொடங்கும் எண்ணில் அடுத்து வருவது 06 என்றால் நாகை, 08 என்றால் புதுக்கோட்டை, 10 என்றால் ராமநாதபுரம். எம்எம் என்றால் விசைப்படகு. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோரப் பாதுகாப்பு இறுகியபோது இந்த எண்ணும், மாநிலத்துக்கு ஒரு நிறமும் கண்டிப்பாகின.

விதியை நடைமுறைக்குக் கொண்டுவரும் கொக்கி டீசல். பதிவு பெற்ற படகுகளுக்கு விற்பனை வரி நீக்கிய டீசல் கிடைக்கிறது. ஆண்டுதோறும் தடைக்காலத்தில் மீன்வளத் துறையினர் ஒரே நாளில் மாவட்டத்தின் எல்லாத் துறைகளிலும் விசைப்படகுகளை நேரடியாகப் பார்த்து எண்ணுவார்கள். எண், நீளம், இயந்திரத்தின் குதிரைத்திறன், காப்பீடு. அன்றைக்குப் படகைக் காட்டாதவருக்கு மானிய டீசல் நின்றுவிடலாம். காகிதத்தில் மட்டும் இருக்கும் படகு, அனுமதி இல்லாமல் நீட்டிய படகு, பழுதாகிக் கழியில் கிடந்து இடத்தை அடைக்கும் படகு, எல்லாம் அந்த ஒரு நாளில் வெளியே வரும்.

நாகைக் கரையில் அரசு மட்டுமே துறைமுகம் கட்டுவதில்லை. நம்பியார் நகர் மீனவர்கள் தங்கள் ஊருக்கென்று சிறிய துறைமுகம் கேட்டபோது, செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்களே ஏற்கும் தன்னிறைவுத் திட்டத்தில் அதற்குப் பணம் திரட்டினார்கள். தம் ஊர்ப் படகை அடுத்த ஊர்த் துறையில் கட்டி, அங்குள்ளவர்களின் வசதிக்குக் காத்திருக்கும் சங்கடத்துக்கு அவர்கள் போட்ட விலை அது.

நெருக்கமாகக் கட்டிய படகுகளுக்கு என்ன நேரும் என்பதை இந்த ஊர் இரண்டு முறை கண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடுவையாற்றுக்குள் ஏறியபோது படகுகள் கயிறு அறுந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. சில சாலையிலும் வீடுகளுக்கு நடுவிலும் போய்க் கிடந்தன. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. அப்போது முன்னெச்சரிக்கை கிடைத்திருந்தது, ஆட்கள் கரையில் இருந்தார்கள். ஆனாலும் படகுகள் மோதி உடைந்தன.

புயலுக்கு முன் கட்டுவதே ஒரு கலை. கயிற்றை இழுத்துக் கட்டினால் நீர்மட்டம் ஏறும்போது அறுந்துபோகும். தளர விட்டால் படகுகள் ஒன்றையொன்று இடித்து நொறுக்கும். வழக்கமான நாளில் நாகைப் பக்கம் கடலின் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அந்தப் பழக்கத்தில் கட்டிய கயிறு புயல் எழுப்பும் நீருக்குப் போதாது. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் படகுகளை ஆற்றின் உட்பக்கம் கொண்டுபோவதும், இடையில் டயர்களைக் கூடுதலாகத் தொங்கவிடுவதும், ஆளுக்கொரு நங்கூரம் கூடப் போடுவதும் அதனால்தான்.

நெருப்பும் அதே நெருக்கத்தைப் பயன்படுத்திக்கொள்கிறது. 2023 நவம்பர் 19 இரவு விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு படகில் பிடித்த தீ சுமார் நாற்பது படகுகளைத் தொட்டது. டீசலும் எரிவாயு உருளையும் வலையும் ஒவ்வொரு படகிலும் உண்டு. சென்னைக் காசிமேட்டின் நெரிசலைக் குறைக்கத் திருவொற்றியூர்க் குப்பத்தில் சூரை மீன்பிடித் துறைமுகம் கட்டியிருக்கிறார்கள்.

நாகைத் துறைமுகத்துக்கு இப்போது இன்னொரு பங்காளியும் வந்திருக்கிறார். 2023 அக்டோபர் 14 அன்று இங்கிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் ‘செரியாபாணி’ புறப்பட்டது. வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டுச் சில நாளிலேயே நின்றது. 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலுடன் மீண்டும் தொடங்கியது. கப்பலுக்கென்று வாசலில் ஆழப்படுத்தினால் விசைப்படகுக்கும் வழி சுலபம்.

டோக்கன் தரும் தீவு

இன்னும் தெற்கே ராமேசுவரத்தில் ஒழுங்கு வேறு விதம். விசைப்படகுகள் கரையை அணைந்து நிற்பதில்லை. கரைக்கு எதிரே கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கின்றன. ஆட்கள் சின்னப் படகில் போய் ஏறுகிறார்கள். மீன்வளத் துறை அலுவலகத்தில் டோக்கன் வாங்காமல் தொழிலுக்குப் போக முடியாது. காற்று எச்சரிக்கை வந்தால் டோக்கன் கிடையாது; அவ்வளவுதான், கடல் மூடியது. கடலும் நாள் வைத்துப் பங்கிடப்பட்டிருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்ற ஏற்பாடு 1970களின் மோதல்களுக்குப் பிறகு வந்தது. பாக் நீரிணையின் ஆழம் குறைந்த குறுகிய கடலில் இரண்டு வகைப் படகும் ஒரே நாளில் இறங்கினால் நாட்டுப்படகின் வலை விசைப்படகின் மடியில் சிக்கி அறுந்துபோகும். யார் எந்த நாளில் நங்கூரம் தூக்கலாம் என்ற ஒப்பந்தம்தான் அங்கே வலையைக் காக்கிறது.

இந்த ஒழுங்கு முழுவதையும் ஒரே இடத்தில் பார்க்க விரும்புகிறவர்கள் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் கிழக்குக் கரைக்கு வர வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள். முன்பு 45 நாளாக இருந்தது, 2017இலிருந்து 61. விசைப்படகுகள் மொத்தமும் கரை சேர்ந்துவிடும். சில படகுகள் சாய்தளத்தில் ஏறும். பலகை மாற்றுவார்கள், வண்ணம் அடிப்பார்கள், இயந்திரத்தைப் பிரித்துப் போடுவார்கள். வலைக்கூடத்தில் இடம் போதாமல் சாலையிலும் வலை விரியும்.

ஜூன் முதல் வாரத்தில் வேலை முடிந்த படகுகள் மறுபடி தண்ணீரில் இறங்கத் தொடங்கும்போது வரிசைப் பேச்சு ஆரம்பிக்கிறது. முன்னதாக இறக்கியவர் தளத்தை ஒட்டி உள்வரிசையில் மாட்டிக்கொள்வார். கடைசியாக வந்து வெளிவரிசையில் கட்டியவர் முதலில் அவிழ்த்துக்கொண்டு போவார். தடை முடிந்த முதல் ஓட்டத்தில் சீக்கிரம் மீன் கொண்டுவருபவருக்கு ஏலத்தில் நல்ல விலை கிடைக்கும் என்பதால், பழுது முடிந்த படகையும் சிலர் சாய்தளத்திலேயே இரண்டு நாள் கூட வைத்திருக்கப் பார்ப்பார்கள். அந்தச் சாய்தளத்துக்காகப் பின்னால் காத்திருக்கும் படகுக்காரர் பஞ்சாயத்தாரிடம் போவார். ஐஸ் லாரி எந்த வரிசைக்கு முதலில் வரும், டீசல் பம்பு முன்னால் எத்தனை படகு நிற்கலாம், ஜூன் 15 காலையில் எந்தப் பக்கத்துப் படகுகள் முதலில் முகத்துவாரத்தைத் தாண்டும் என்று பேசி முடிக்கப் பல மாலைகள் ஆகும்.